பலகோணக் குழலில் ஈயக் குண்டு போடலாமா? பழைய ஆர்மரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி சுடுகிறவர் வேறு, அதைக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்கிறவர் வேறு. நான் இரண்டாவது ரகம். அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். எங்கள் வீடும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அதனால் வெடிமருந்துப் பேச்சு இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாளும் சோறு இறங்கியதில்லை.

என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் மூன்று வகை. குன்னூர், வெலிங்டன் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒரு வகை. போட்டிக்குச் சுடப் பழகும் பையன்கள், பெண்பிள்ளைகள் இன்னொரு வகை. மூன்றாவது என் அக்கா மகன். டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே போய்க் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு "மாமா, ஒரு சந்தேகம்" என்று கூப்பிடுவான். இந்தப் பக்கம் உருவானதே அவனால்தான்.

பலகோணக் குழல் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலுக்குள் முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்கள் இருக்கும். குண்டு அவற்றில் சிக்கிச் சுழன்றுகொண்டே வெளியே போகும். பம்பரம் சுற்றினால் சாயாமல் நிற்கிற மாதிரி, சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேராகப் போகும். இதைத்தான் ரைஃப்ளிங் என்கிறோம். வழக்கமான குழலில் இது மேடும் பள்ளமுமாக, விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கும். மேட்டின் விளிம்பு குண்டின் உடம்பில் கீறிப் பிடித்துக்கொள்ளும்.

பலகோணக் குழலில் அந்தக் கூர்விளிம்பு கிடையாது. குழலின் உட்புறமே ஓரம் மழுங்கின அறுகோணமாகவோ எண்கோணமாகவோ இருக்கும். அந்தக் கோணமே முறுக்கிக்கொண்டு போகும். கீறாமல், அமுக்கித் திருப்பும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரிகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்கு நடுவில் பல்தண்டவாளம் இருக்கிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதில் கவ்விக்கொண்டு ஏறும். குன்னூருக்கு மேலே ஊட்டி வரைக்கும் பல் கிடையாது, சக்கரம் தண்டவாளத்தை அழுத்துகிற பிடிமானம் மட்டும்தான். வழக்கமான ரைஃப்ளிங் கல்லாறு பாதை, பலகோணம் ஊட்டிப் பாதை. பிடிமானத்தை மட்டும் நம்பி ஓடுகிற இடத்தில் சக்கரம் வழுக்காத சக்கரமாக இருக்க வேண்டும், இல்லையா? நம் பிரச்சினை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

எந்தெந்தத் துப்பாக்கியில் இது இருக்கிறது?

எல்லாருக்கும் தெரிந்தது க்ளாக் பிஸ்டல். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட க்ளாக் 17-இலிருந்து இந்தக் குழல் உலகம் முழுக்கப் பரவியது. 9 மில்லிமீட்டர் அளவுக் குண்டு போடும் க்ளாக்கில் அறுகோணம், .45 அங்குல அளவில் எண்கோணம். ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனியின் பல பிஸ்டல்கள், கார் (Kahr) கம்பெனியின் பிஸ்டல்கள், டெசர்ட் ஈகிள் பிஸ்டல் ஆகியவற்றிலும் உண்டு. நம் நாட்டில் என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் க்ளாக் வைத்திருக்கிறார்கள்.

பழைய பிரவுனிங் ஹைபவரோ, நம் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவை மேடு பள்ளம்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

புதிதே இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற இன்ஜினியர் 1850-களிலேயே அறுகோணக் குழலோடு ஒரு ரைஃபிள் செய்தார். குண்டையும் அறுகோணமாகவே வார்த்தார்கள். தூரத்தில் அருமையாக அடித்தது. ஆனால் செலவு அதிகம், கரி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிரிட்டிஷ் ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது.

அடுத்து வருவது எனக்குப் பிடித்த கதை. வில்லியம் மெட்ஃபர்ட் என்பவர் பள்ளங்களை ஆழமில்லாமல், ஓரங்களை உருட்டையாக வைத்து ஒரு ரைஃப்ளிங் அமைத்தார். பலகோணத்துக்கு அது பெரியப்பா முறை வேண்டும். கறுப்பு மருந்துக் கரி அதில் அவ்வளவாக ஒட்டவில்லை. 1888-இல் லீ-மெட்ஃபர்ட் ரைஃபிளில் அதைப் போட்டார்கள். அதற்கடுத்த வருஷமே ஏபல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட்டைக் கண்டுபிடித்தார்கள். புகையில்லாத மருந்து, வேகம் அதிகம், சூடு ரொம்ப அதிகம். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு. அந்தச் சூட்டில் மெட்ஃபர்டின் ஆழமில்லாத பள்ளங்கள் சீக்கிரமே தேய்ந்து போயின. 1895-இல் ஆழமான, ஓரம் நேராக வெட்டிய பள்ளத்துக்கு மாறினார்கள். அப்படித்தான் லீ-என்ஃபீல்ட் வந்தது. பிறகு கார்டைட்டிலும் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்தார்கள்.

அந்தக் கார்டைட்டைச் செய்யத்தான் 1904-இல் எங்கள் அருவங்காடு ஃபேக்டரி வந்தது. 2021-இல் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்த பிறகு அது மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்குக் கீழே போய்விட்டது. ஊரில் எல்லாருக்கும் இன்னமும் அது கார்டைட் ஃபேக்டரிதான்.

கதையை ஏன் சொன்னேன் என்றால், குழலும் மருந்தும் குண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர வேண்டியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் இன்னொன்று அழும். இன்றைய பலகோணக் குழல் நல்ல எஃகில், உள்ளே ஒரு அச்சுக்கம்பியைச் செருகி, வெளியிலிருந்து சம்மட்டி போட்டு அடித்து உருவாக்குவது. கார்டைட் சூடு மாதிரி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. அது கேட்பது குண்டின் பொருத்தத்தை.

என் பிஸ்டலில் எந்தக் குழல் என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மேகஸினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியை, எடுங்கள். பிறகு மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, சேம்பர், அதாவது குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம், காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். குழலைத் தனியாகக் கழற்றி எடுத்த பிறகுதான் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வழக்கமான குழலில் மேடும் பள்ளமும் கோடு போட்ட மாதிரி பளிச்சென்று தெரியும். பலகோணத்தில் அலை அலையாக, வழவழவென்று, கண்ணாடி மாதிரி இருக்கும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் குழல் தேய்ந்துபோய்விட்டது என்றே நினைப்பார்கள். நானும் நினைத்தேன். புத்தம் புதிய பிஸ்டலைப் பார்த்து "இது கண்டம்", அதாவது கழித்துப் போட வேண்டியது, என்று சொல்லி, சீனியர் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாக் குண்டிலும்தான் ஈயம் இருக்கிறது. எதை ஈயக் குண்டு என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. தோட்டா என்பது முழு உருப்படி: கேஸ் என்ற பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அதைப் பற்றவைக்க அடியில் ப்ரைமர், முனையில் குண்டு. அந்தக் குண்டின் வெளித்தோலைப் பற்றித்தான் பேசுகிறோம். உள்ளே ஈயம் இருந்தாலும் வெளியே செம்பு உறை போட்டிருந்தால் அது ஜாக்கெட் குண்டு. குழலைத் தொடுவது செம்பு, அதனால் கவலையில்லை. அடிப்பாகத்தில் கொஞ்சம் ஈயம் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை, அது குழலின் சுவரில் உரசுவதில்லை. மெல்லிசாகச் செம்பு முலாம் பூசிய குண்டும் பலகோணத்தில் ஓடும், வேகத்தை வரம்புக்குள் வைத்திருந்தால்.

வெறும் ஈயத்தை வார்த்து, மெழுகு தடவி விற்பார்களே, அதுதான் இங்கே ஈயக் குண்டு. ஜாக்கெட்டைவிட விலை குறைவு. என் மருமகன் வாங்கியதும் அதனால்தான்.

சரி, ஏன் ஆகாது?

பல பேர் "வெடித்துவிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது அரைகுறைப் பதில். ஒரு ஈயக் குண்டு சுட்டால் ஒன்றும் வெடிக்காது. பத்து சுட்டாலும் அநேகமாக ஒன்றும் ஆகாது. நடப்பது வேறு.

ஈயம் மிருதுவானது. செம்பு உறை மேட்டிலோ கோணத்திலோ அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு திரும்பும். ஈயம் பலகோணக் குழலில் நுழைந்ததும், பிடித்துக்கொள்ளக் கூர்விளிம்பு இல்லாததால் முதல் கொஞ்ச தூரம் திரும்பாமல் நேரே வழுக்குகிறது. வழுக்குகிற இடத்தில் உடம்பு தேய்ந்து ஈயம் சுவரில் அப்பிக்கொள்கிறது. தேய்ந்த பக்கத்தில் இடுக்கு விழுகிறது. பின்னால் வரும் சூடான வாயு அந்த இடுக்கில் புகுந்து இன்னும் கொஞ்சம் ஈயத்தை உருக்கி முன்னால் ஊதுகிறது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், செம்புக்கு 1085 வேண்டும்.

இப்படி அப்பின ஈயம் பெரும்பாலும் சேம்பருக்கு முன்னால், குண்டு குழலுக்குள் நுழைகிற இடத்தில்தான் சேரும். அடுத்த குண்டு அதன்மேல் வந்து இன்னும் அமுக்கும். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். குழலின் வாய் மெல்ல மெல்லக் குறுகுகிறது. குண்டு கிளம்பத் தாமதமாகிறது. மருந்தோ தன் வேலையை நிறுத்தாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அழுத்தம் ஏறுகிறது.

எவ்வளவு அழுத்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஜீப் டயரில் காற்று ஏறக்குறைய 35 பி.எஸ்.ஐ. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. ஆயிரம் மடங்கு, உங்கள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால். அதற்கு மேல் ஏறினால் முதலில் தோற்றுப்போவது எஃகு இல்லை, பித்தளைக் கேஸ். தோட்டா வழுக்கி ஏறுவதற்காகச் சேம்பரின் அடிப்பக்கத்தில் சரிவு வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் கேஸுக்கு முட்டுக்கொடுக்க உலோகம் கிடையாது. பழைய க்ளாக்குகளில், முக்கியமாக .40-இல், அந்தத் திறப்பு கொஞ்சம் தாராளம். கேஸ் அங்கே தொப்பை போடும். இன்னும் ஏறினால் கிழியும். கிழிந்தால் அந்த வாயு மேகஸின் வழியாகக் கீழே பாய்ந்து, பிடித்திருக்கிற கையைப் பதம் பார்க்கும்.

ஆக, குற்றவாளி ஒருவன் இல்லை. மிருதுவான ஈயம், பிடி குறைந்த குழல், முட்டில்லாத கேஸ், சுத்தம் பண்ணாத சோம்பேறித்தனம், நாலு பேரும் கூட்டு.

யூடியூபில் ஆயிரக்கணக்கில் ஈயம் சுட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுகிறார்களே, மாமா?

காட்டுகிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். குண்டின் அளவு குழலுக்குச் சரியாக இருந்து, ஈயக் கலவை சரியாக இருந்து, மெழுகு நன்றாக இருந்து, வேகம் மிதமாக இருந்து, அவர் அடிக்கடி குழலைக் கழற்றிப் பார்த்துத் துடைக்கிறவராகவும் இருந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம்.

ஆனால் அந்த ஆள் தன் குழலைப் படித்து வைத்திருக்கிறார். நீ கடையில் மலிவாகக் கிடைத்த பெட்டியை வாங்கி வந்திருக்கிறாய். அதிலிருக்கும் கலவை என்ன, அளவு என்ன என்று உனக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. "எத்தனை ரவுண்டு வரை பயமில்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். அப்படி ஒரு எண் கிடையாது. ஒரு குழலில் சில நூறு தாங்கும். இன்னொன்றில் ஒரே பெட்டியில் கண்ணுக்குத் தெரிகிற அளவு படிந்துவிடும். க்ளாக் கம்பெனி தன் குழலில் ஈயக் குண்டைப் பரிந்துரைப்பதில்லை. செய்தவனே வேண்டாம் என்கிறபோது நான் எதற்கு நடுவில் ஜாமீன் போட வேண்டும்?

ஈயத்தைக் கெட்டியாக்கினால் வழுக்காதே?

ஓரளவுதான். சுத்த ஈயத்தின் கடினம் பிரினெல் அளவில் 5 இருக்கும். ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்தால் ஏறும். வண்டிச் சக்கர விளிம்பில் கவ்வி மாட்டும் எடைக்கட்டி ஈயம் சுமார் 12. பழைய அச்சகங்களில் லைனோடைப் எழுத்து வார்த்த ஈயம் 22 வரை போகும்.

கெட்டி ஈயம் வழுக்குவது குறையும், உண்மை. ஆனால் அதற்கு ஒரு எதிர்க்கட்சி உண்டு. மருந்து எரியும்போது குண்டின் அடிப்பாகம் கொஞ்சம் விரிந்து குழலை அடைக்க வேண்டும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் விரியாது. அளவும் ஒரு நூல் குறைவாக இருந்துவிட்டால் வாயு ஓரத்தில் கசிந்து, முன்னால் சொன்ன ஊதல் வேலையை ஆரம்பித்துவிடும். வாங்குகிறவர்கள் கடினத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆர்மரர் முதலில் பார்ப்பது அளவை. 9 மில்லிமீட்டருக்கு ஜாக்கெட் குண்டு .355 அங்குலம். ஈயம் என்றால் அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அதிகமாகத்தான் வைப்பார்கள்.

முறுக்கு பிழிகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும். மாவு தளர்ந்தால் முள்ளு முறுக்கில் முள் நிற்காது. இறுகினால் அச்சு ஓரத்தில் பிதுங்கும்.

நூறு ஈயம் சுட்டுவிட்டுக் கடைசியில் பத்து ஜாக்கெட் குண்டு விட்டால் குழல் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஈயம் அடைத்து ஏற்கெனவே குறுகிப்போன வாயில், வளைந்துகொடுக்காத கெட்டி உறைக் குண்டை, முழு மருந்தோடு திணிக்கிறீர்கள். கொஞ்சம் ஈயத்தைத் தள்ளிக்கொண்டு போகலாம். மிச்சத்தைச் சுவரோடு இஸ்திரி போட்டுவிடும். பார்க்கப் பளபளவென்று சுத்தமாகத் தெரியும். அழுத்தம் ஏறுவது அந்தப் பத்து ரவுண்டில்தான்.

என் மருமகன் இதைத்தான் செய்தான். சுமார் நூற்றைம்பது ஈயம், பிறகு "சுத்தம் பண்ண" ஜாக்கெட். மூன்றாவதோ நாலாவதோ சுட்டபோது சத்தம் வேறு மாதிரி கேட்டது, உதை கூடுதலாக இருந்தது. காலி கேஸை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினான். அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் புடைத்திருந்தது. ப்ரைமர் தட்டையாகப் பரவியிருந்தது. இன்னும் ஒன்று சுட்டிருந்தால் அந்தக் கேஸ் என்ன ஆகியிருக்கும் என்று அவனிடம் சொல்லவில்லை. அவன் அம்மா, அதாவது என் அக்கா, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஈயம் படிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

குழலைக் கழற்றி, சேம்பர் பக்கத்திலிருந்து சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலான சாம்பல் கோடுகளோ, வெள்ளித்தாள் கிழிசல் மாதிரிச் செதில்களோ ஒட்டியிருந்தால் ஈயம். மருந்துக் கரி கறுப்பாக இருக்கும், எண்ணெய்த் துணியில் வந்துவிடும். ஈயம் அவ்வளவு சுலபத்தில் வராது.

எங்கே படிந்திருக்கிறது என்பதும் சேதி சொல்லும். சேம்பர் அருகே என்றால் குண்டு வழுக்குகிறது அல்லது அளவு சின்னது. குழலின் முன்வாய் அருகே என்றால் மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. இலக்கு அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் பட்டது போல நீளமாக விழுந்தால், குண்டு சுழலவே இல்லை, புரண்டுகொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு சுடுவதை நிறுத்திவிடுங்கள்.

படிந்ததை எப்படி எடுப்பது?

பொறுமையாக. பட்டாளத்தில் நாங்கள் குழலுக்குள் விடும் புல்-த்ரூ கயிற்றில் கிழிசல் துணி மாட்டி இழுப்போம். ராணுவத் தோட்டா எல்லாம் ஜாக்கெட் என்பதால் அதுவே போதும். ஈயத்துக்குப் போதாது.

பிஸ்டலுக்கு ஏற்ற வெண்கல பிரஷ் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் செம்பு நாரிலிருந்து நாலைந்து இழை சுற்றி, சால்வென்ட் விட்டு ஊறவைத்து, சேம்பர் பக்கத்திலிருந்து தள்ளி இழுங்கள். ஈயம் செதில் செதிலாக உதிரும். நார் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். குன்னூர் மார்க்கெட்டில் செம்பு என்று கொடுத்ததை வாங்கி வந்து காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது, உள்ளே இரும்பு. அது குழலைக் கீறிவிடும். வாங்குவதற்கு முன்பே காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் கரைந்துவிடும் என்று ஒரு வைத்தியம் சுற்றுகிறது. கரையும். கரைந்து வருவது ஈய அசிடேட், கொடிய விஷம். குழலின் எஃகையும் அரித்துவிடும். வேண்டாம்.

கலர் கலராகப் பெயின்ட் பூசின மாதிரி ஈயக் குண்டு வருகிறதே, அது?

பவுடர் கோட்டிங். ஈயத்தின்மேல் பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சைச் சூட்டில் இறுக்குவது. பூச்சு முழுதாக இருக்கிற வரை ஈயம் குழலைத் தொடுவதில்லை. வெறும் ஈயத்தைவிட எவ்வளவோ மேல், பலர் பலகோணத்தில் பயன்படுத்தவும் செய்கிறார்கள். பூச்சு உரிந்த குண்டு வந்தால் அது மறுபடி வெறும் ஈயம்தான். முதல் ஐம்பதுக்குப் பிறகு குழலைக் கழற்றிப் பார்க்காமல் எந்தப் பூச்சையும் நம்பாதீர்கள்.

குழலை மட்டும் மாற்றிவிட்டால்?

அமெரிக்காவில் இதுதான் சுலபமான வழி. க்ளாக்குக்குப் பொருந்துகிற, மேடு பள்ளம் வெட்டின குழலைத் தனியாக விற்கிறார்கள். சேம்பரில் முட்டும் கூடுதலாக இருக்கும். மாட்டிவிட்டு ஈயம் சுடுகிறார்கள்.

இங்கே அந்தப் பேச்சே கிடையாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். மருமகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தரட்டுமா என்று ஒருவர் கேட்டார். அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேச வேண்டியதாயிற்று. வீட்டில் குண்டு வார்ப்பதும் தோட்டா நிரப்புவதும் அப்படியே. உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். 9 மில்லிமீட்டரே சாதாரண லைசென்ஸுக்கு இங்கே தடைசெய்யப்பட்ட அளவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன.

அப்படியென்றால் நீலகிரிக்காரனுக்கு இந்தப் பேச்சு எதற்கு?

பாதிப் பேருக்குத் தேவையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். .32 ரிவால்வர் வைத்திருக்கிறீர்களா? அதற்கு ஈயக் குண்டு இயல்பானதே. உச்ச அழுத்தம் 15,000 பி.எஸ்.ஐ. சுற்றுவட்டாரம், மேடு பள்ளக் குழல். போட்டிக்குப் பழகும் பிள்ளைகளின் .22-வும் ஈயம்தான். 25 மீட்டர் சென்டர்ஃபயர் போட்டியில் .32 தட்டை முனை ஈயக் குண்டு போடுகிறார்கள். மிருதுவான குண்டுதான் போட வேண்டும் என்பது விதியே.

ஆனால் ஈயம் படிவது பலகோணத்துக்கு மட்டும் உள்ள வியாதியில்லை. அங்கே சீக்கிரம் வரும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட் கண்டக்டர் அப்பா காலத்து ரிவால்வரை இருபது வருஷம் துடைக்காமல் வைத்திருந்தார். குழலுக்குள் ஈயம் ஒரு பக்கம் சுவர் எழுப்பியிருந்தது. எடுக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று.

மலை ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அப்பின ஈயத்துக்கு அடியில் ஈரம் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர் மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பீரோவில் வைத்த சட்டையே பூத்துவிடும். ஈயத்துக்கு அடியில் துரு பிடித்தால் மேலே தெரியாது. ஈயத்தை எடுத்த பிறகு பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. அந்தக் குழியில் அடுத்த முறை ஈயம் இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்கு முந்தின நாள் ஈயத்தை எடுத்துவிட்டு எண்ணெய் பூசிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் எண்ணெயைத் துடைத்த பிறகே சுட வேண்டும்.

பலகோணத்தால் என்னதான் லாபம்?

ஜாக்கெட் குண்டோடு பார்த்தால் லாபம்தான். மூலை முடுக்கு இல்லாததால் வாயு கசிவது குறைவு, வேகம் ஒரு துளி கூடும், சுத்தம் செய்வது சுலபம், குழல் ரொம்ப நாள் உழைக்கும். தடய அறிவியல்காரர்களுக்குத்தான் தலைவலி. குண்டில் தெளிவான கீறல் விழாததால், எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று ஒப்பிட்டுச் சொல்வது கஷ்டம்.

ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

இதைக் கேட்டது ஒரு பயிற்சிப் பெண்ணின் அம்மா. ஆண்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஆமாம், கெடுதல். குண்டில் மட்டுமில்லை, பெரும்பாலான ப்ரைமரிலும் ஈயக் கூட்டுப்பொருள் இருக்கிறது. ஜாக்கெட் குண்டு சுட்டாலும் புகையில் ஈயம் வரும். மூடின ரேஞ்சில், அதாவது சுடும் கூடத்தில், காற்றோட்டம் இல்லையென்றால் மூச்சோடு உள்ளே போகும். சுட்ட பிறகும், குழல் துடைத்த பிறகும் சோப்பும் பச்சைத் தண்ணீரும் போட்டுக் கையும் முகமும் கழுவுங்கள். அதற்கு முன்னால் வர்க்கியை எடுத்து வாயில் போடாதீர்கள். துடைத்த துணியை ஒரு கவரில் கட்டி வையுங்கள், அடுப்பில் போடக் கூடாது. ரேஞ்சுக்குப் போட்ட சட்டையை வீட்டுத் துணியோடு ஊறவைக்க வேண்டாம். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து துப்பாக்கி துடைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் கொஞ்சமாக இருந்தாலும் ஆகாது. என் பேத்தி பிறந்த பிறகு நான் பின்கட்டு ஷெட்டுக்குக் குடிபோய்விட்டேன், மூடுபனியில் நடுங்கிக்கொண்டு.

காட்டுப்பன்றி கேரட்டைத் தின்கிறது. எந்தக் குண்டு நல்லது?

எதுவும் இல்லை. வனத்துறையிடம் மனு கொடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்னைவிடக் கண்டிப்பானது.

மிச்சமிருக்கும் ஈயக் குண்டுப் பெட்டியை என்ன செய்வது, மாமா?

உன் பக்கத்து வீட்டுத் தாத்தா பழைய பிரவுனிங் வைத்திருக்கிறார் என்றாயே, அவரிடம் கொடுத்துவிடு. அதுவும் 9 மில்லிமீட்டர், மேடு பள்ளக் குழல். கொடுக்கும்போது, இது இன்ன ஈயம் என்று தெரியாது, ஐம்பதுக்கு ஒரு தடவை குழலைப் பார்க்கச் சொன்னார் எங்கள் மாமா என்றும் சொல். உன் பிஸ்டலை அங்கே இருக்கிற துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோய், சேம்பரும் குழலும் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல். அதுவரை சுடாதே. அந்தப் புடைத்த கேஸைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எடுத்து வரலாமா என்று கேட்காதே, கூடாது. நாலு பக்கமிருந்தும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. இங்கே பழகுகிற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.